கூட்டத்தைப் பார்த்து நின்ற கேமரா

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவனுக்குக் கெட்டிமேளத்தைப் போல உதவுகிற சத்தம் வேறில்லை. ஐந்து பேர் ஐந்து கேமராவில் எடுத்ததைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் கொட்டும்போது எது முந்தி, எது பிந்தி என்று ஒன்றும் புரியாது. ஒரு கேமராவின் கடிகாரம் நாலு நிமிஷம் முன்னால் ஓடும். இன்னொன்றில் தேதியே தப்பாக இருக்கும். ட்ரோனில் சத்தமே பதிவாகியிருக்காது. ஆனால் சத்தம் பதிவான எந்த ஃபுட்டேஜை எடுத்தாலும் ஒலிக்கோட்டில் ஓரிடத்தில் மட்டும் திடீரென்று ஒரு மேடு எழும்பி நிற்கும். கெட்டிமேளம் என்று குரல் எழுகிறது, தவிலும் நாகஸ்வரமும் ஒரே மூச்சில் எகிறுகின்றன, மண்டபம் முழுக்க அட்சதை பறக்கிறது. அந்த மேடுகளை ஒன்றின் கீழ் ஒன்றாக நிறுத்திவிட்டால் போதும். எல்லாக் கேமராவும் ஒரே நேரத்துக்கு வந்து நின்றுவிடும்.

இன்றைக்கு அந்த வேலையையும் மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. பிரீமியர் புரோவிலோ டாவின்சி ரிசால்விலோ எல்லாக் கிளிப்பையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஒலியை வைத்துச் சேர்க்கச் சொன்னால், டீ குடித்துவிட்டு வருவதற்குள் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும். ராத்திரி பூராவும் உட்கார்ந்து கண்ணாலும் காதாலும் செய்த வேலை அது. போனதில் எனக்கு வருத்தமில்லை. என் வருத்தம் வேறு. ஒன்றரைக் கேமரா வைத்துக்கொண்டு வேலை பார்த்த நாளில் ஒரு கல்யாணத்தில் எத்தனை பேர் பதிவானார்களோ, எட்டுக் கேமரா வைத்திருக்கிற இந்த நாளில் அத்தனை பேர் பதிவாவதில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் எடிட்டிங் அறை மாட்டுத்தாவணியில், மேலூர் ரோட்டை ஒட்டிய ஒரு மாடியில் இருக்கிறது. 1999-ல் எம்.ஜி.ஆர். பஸ் ஸ்டாண்டு இங்கே வந்தபோது எங்கள் தொழிலில் பல பேர் இந்தப் பக்கம் குடிவந்தோம். காரணம் ரொம்ப எளிது: கேசட் பஸ்ஸில்தான் வரும். காரைக்குடி, ராமநாதபுரம், அருப்புக்கோட்டை, தூத்துக்குடி என்று எந்த ஊர் ஸ்டூடியோக்காரரும் கல்யாணம் முடிந்த ராத்திரியே ஒரு மஞ்சள் பையில் கேசட்டுகளைப் போட்டு, கண்டக்டர் கையில் கொடுத்து, பஸ் நம்பரைப் போனில் சொல்லிவிடுவார். விடியற்காலை மூன்று மணிக்குப் போய் வாங்கி வர வேண்டும். தேனி, திண்டுக்கல் கேசட் என்றால் ஆரப்பாளையத்தில் இறங்கும். அதற்கு ஓர் ஆள் போக வேண்டும். வருகிற வழியில் பூ மார்க்கெட்டில் மல்லிகை என்ன விலை போகிறது என்று காதில் விழும். விலை ஏறிக் கிடந்தால் வரிசையாக முகூர்த்தம் இருக்கிறது, அடுத்த மாதம் முழுக்கத் தூக்கம் கிடையாது என்று கணக்குப் போட்டுக்கொள்வோம். இப்போது ஹார்ட் டிஸ்க் அதே பஸ்ஸில் வருகிறது. சின்ன வேலை என்றால் இணையத்திலேயே வந்துவிடுகிறது. பூ மார்க்கெட் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் தொழில் படித்தது அதற்கு முன்னால், தொண்ணூறுகளின் நடுவில், டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில். அப்போது வி.எச்.எஸ். காலம். தோளில் வைத்துத் தூக்கும் பெரிய பானாசோனிக் கேமரா, மூன்று மணி நேரக் கேசட், ஆயிரம் வாட் வெளிச்சம். அந்த லைட்டைப் பிடிக்கிற பையனாகத்தான் எல்லோரும் தொடங்குவோம். வசதியான வீட்டுக் கல்யாணம் என்றால் இரண்டு கேமரா, கூடவே மிக்ஸிங். மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, மிக்ஸரையும் இரண்டு சின்ன டி.வி.யையும் ஒரு வி.சி.ஆரையும் வைத்து, இரண்டு கேமராவிலிருந்தும் ஒயர் இழுத்துக் கொண்டுவருவோம். மிக்ஸரில் உட்கார்ந்திருக்கிறவர் எந்தப் பொத்தானை அழுத்துகிறாரோ அந்தக் கேமரா படம்தான் கேசட்டில் ஏறும். மற்றது காற்றோடு போயிற்று. கேமராவுக்குள்ளும் தனித்தனியாகக் கேசட் ஓட்டலாம்தான். ஆனால் கேசட் விற்ற விலைக்கு யாரும் அதைச் செய்யவில்லை.

இரண்டு கேமராவை அப்படி இணைப்பது பார்வைக்கு லேசாகத் தெரியும். உண்மையில் லேசில்லை. நம் ஊர் முறைப்படி நொடிக்கு 25 ஃப்ரேம். இரண்டு கேமராவும் 25 எடுக்கும். ஆனால் ஒன்று ஒரு ஃப்ரேமைத் தொடங்குகிற கணத்தில் மற்றது பாதி ஃப்ரேமைத் தாண்டியிருக்கும். அப்படியே மாற்றினால் படம் ஒரு குதி குதித்து, உருண்டு, பிறகுதான் நிற்கும். தொலைக்காட்சி நிலையங்களில் எல்லாக் கேமராவுக்கும் ஒரே தாளத்தை ஒயர் வழியாக அனுப்பி நேராக்குவார்கள். கல்யாணக் கேமராவில் அந்த வசதி கிடையாது. எங்களிடம் இருந்த எம்.எக்ஸ்.50 போன்ற மிக்ஸர்கள் வந்த படத்தை ஒரு ஃப்ரேம் நேரம் தம் நினைவகத்தில் பிடித்து வைத்து, மற்றதோடு ஒன்றாக வெளியே விட்டன. அதனால்தான் ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் கரைந்து வருவதும், இதய வடிவம் விரிந்து மணப்பெண் முகம் தெரிவதும் மண்டபத்திலேயே நடந்தன. அந்த இதயத்தைப் பார்க்கச் சனம் மிக்ஸிங் மேசையைச் சுற்றி நிற்கும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதல் கேமரா மேடையைப் பார்க்கும். இரண்டாவது கேமரா மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்க்கும். தாலி கட்டுகிற அந்தச் சில நொடிகள் தவிர அது மேடைப் பக்கம் திரும்பவே கூடாது. ஒவ்வொரு வரிசையாகப் போக வேண்டும்; ஒவ்வொரு முகத்திலும் மூன்று எண்ணுகிற அளவுக்கு நிற்க வேண்டும்; பிறகு பந்திக்குப் போக வேண்டும்; மொய் எழுதுகிற மேசைக்குப் போக வேண்டும்; தாய்மாமன் சீர் வாசலில் நுழையும்போது அங்கே இருக்க வேண்டும். கேசட் வாங்க வருகிற பெண் வீட்டுக்காரர் கேட்கிற முதல் கேள்வி அதுதான்: "வந்தவுக எல்லாரும் கேமராவுல விழுந்திருக்காகளா தம்பி?" யாராவது ஒரு பெரியவர் விழாமல் போனால் அது குடும்பச் சண்டை. சீர் கொண்டுவந்த தாய்மாமன் முகம் இல்லாத கேசட்டை எடுத்துக்கொண்டு அடுத்த காதணி விழாவுக்கு எந்த மூஞ்சியோடு அவர் வீட்டுப் படியேறுவது? ஆகவே இரண்டாவது கேமராக்காரர் வேலை கௌரவமான வேலை. அனுபவப்பட்டவரைத்தான் அதற்கு அனுப்புவார் அண்ணன். மேடையை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாப்பிள்ளை எங்கேயும் ஓடிப்போக மாட்டார் என்பார்.

2000-க்குப் பிறகு மினி டி.வி. வந்தது. சோனியின் பி.டி.150, அடுத்துப் பி.டி.170, பானாசோனிக்கில் எம்.டி. வரிசை. சின்னக் கேசட்டில் ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்துக்குக் கம்ப்யூட்டரில் சுமார் 13 ஜி.பி. இடம் பிடிக்கும், 40 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தவனுக்கு அது மூன்று கேசட்தான். கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கவும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரமே ஆகும், அவசரப்படுத்த முடியாது. ஜப்பானின் கனோபஸ் நிறுவனத்து கார்டும் எடியஸ் மென்பொருளும் தமிழ்நாட்டுக் கல்யாண எடிட்டர்கள் மேசைக்கெல்லாம் வந்தது அந்த நாளில்தான். இன்றும் மதுரையில் பாதிப் பேர் எடியஸை விட்டு நகரவில்லை. கை பழகிவிட்டது.

அப்போதுதான் முதன்முறையாக இரண்டு கேமராவின் படமும் முழுசாகக் கையில் மிஞ்சியது. மண்டபத்தில் பொத்தான் அழுத்த வேண்டாம். அறையில் உட்கார்ந்து நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இரண்டையும் நேராக்குவது யார்? கெட்டிமேளத்தை வைத்துத் தோராயமாகக் கொண்டுவருவோம். அதற்கப்புறம் நுணுக்கமான வேலைக்கு ஸ்டில் போட்டோக்காரரின் ஃப்ளாஷ். மாலை மாற்றும்போது அவர் ஒரு ஃப்ளாஷ் அடிப்பார். அது ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிதான் எரியும். முதல் கேமராவின் படத்தை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திக்கொண்டே போனால் ஒரே ஒரு ஃப்ரேம் மட்டும் வெள்ளையாக வெளுத்திருக்கும். இரண்டாவது கேமரா பின்வரிசை ஆச்சிகளை எடுத்துக்கொண்டிருந்தாலும் அங்கேயும் ஒரே ஒரு ஃப்ரேமில் அவர்கள் முகத்தில் வெளிச்சம் ஏறியிருக்கும், மூக்குத்தி மின்னியிருக்கும். இரண்டு வெள்ளையையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தால் தீர்ந்தது. அதைவிடத் துல்லியமான அடையாளம் இல்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இன்றைய மென்பொருள் நம்புகிற சத்தத்துக்கு ஒரு குறை உண்டு. சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மண்டபத்தின் பின்கோடியில் 34 மீட்டர் தள்ளி ஒரு கேமரா நின்றால் தவில் சத்தம் அதற்குப் பத்தில் ஒரு பங்கு நொடி தாமதமாகத்தான் கேட்கும். 25 ஃப்ரேம் கணக்கில் அது இரண்டரை ஃப்ரேம். மென்பொருள் இரண்டு சத்தத்தையும் பொருத்திவிடும். படம் அந்த இரண்டரை ஃப்ரேம் பிசகி நிற்கும். முன் கேமராவில் முடிச்சு விழுந்த பிறகு பின் கேமராவுக்கு மாற்றினால் கை ஏற்கெனவே நகர்ந்துவிட்டிருக்கும். பார்க்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது. ஏதோ இடறியது என்று மட்டும் தெரியும். என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வருகிற பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த ஃப்ளாஷ் வேலையைத்தான். மென்பொருள் சேர்த்துக் கொடுத்த பிறகும் ஒரு ஃப்ளாஷைத் தேடிப் பிடித்துச் சரிபார்க்கச் சொல்வேன்.

அதிலும் காலம் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. பி.டி.170-ல் இருந்த சென்ஸார் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பிடிக்கும். ஆகவே ஃப்ளாஷ் அடித்தால் ஃப்ரேம் முழுக்க வெளுக்கும். பிறகு வந்த டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களின் சென்ஸார் மேலிருந்து கீழே வரிவரியாகப் படிக்கிறது. அது படித்துக்கொண்டிருக்கும் நடுவில் ஃப்ளாஷ் அடித்தால் பாதிப் படம் வெள்ளை, பாதிப் படம் சாதாரணம். மணப்பெண்ணின் நெற்றிக்கு மேல் வெண்மை, கீழே இருட்டு. கூட்டமாகப் போட்டோ எடுக்கிற ரிசப்ஷனில் இப்படி நூற்றுக்கணக்கில் விழும். அதற்கு வைத்தியம் என்னவென்றால் அந்த ஒரு ஃப்ரேமில் வேறு கேமராவுக்குத் தாவிவிடுவதுதான். தாவ இன்னொரு கோணம் வேண்டும். கூட்டத்தைப் பார்க்கிற கேமரா இருந்தால் அந்த இடத்தில் ஒரு முகத்தை வைத்துக் கடந்துவிடலாம்.

டி.எஸ்.எல்.ஆர். வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கேனான் 5டி மார்க் 2 வெளிவந்தது 2008-ல். போட்டோ எடுக்கிற கேமராவில் சினிமா மாதிரி படம் விழுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. விழுந்ததும் உண்மைதான். ஆனால் அது முதலில் நொடிக்கு 30 ஃப்ரேம் மட்டும் எடுத்தது. 25-ம் 24-ம் 2010-ல் மென்பொருள் புதுப்பிப்பில்தான் கிடைத்தன. ஒரு தடவை ஆன் செய்தால் 4 ஜி.பி. வரை, சுமார் 12 நிமிஷம் ஓடி நின்றுவிடும். பழைய வீடியோ கேமராவின் 25 ஃப்ரேமையும் இதன் 30 ஃப்ரேமையும் ஒரே டைம்லைனில் வைத்தால் கம்ப்யூட்டர் நொடிக்கு ஐந்து ஃப்ரேமைத் தூக்கி எறியும். அசையாமல் நிற்கிறவர்கள் மேல் அது தெரியாது. அட்சதை பறக்கும்போது தெரியும். ஒவ்வொரு அரிசியும் விட்டுவிட்டுப் போகும்.

வெளிச்சத்திலும் இதே தகராறு. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்; ட்யூப் லைட் நொடிக்கு 100 தரம் எரிந்து அடங்கும். கேமரா ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு நொடியில் வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சரியாக இரண்டு துடிப்பு கிடைக்கும்; படம் அமைதியாக இருக்கும். 30 ஃப்ரேமுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அறுபதில் ஒரு பங்கில் வைத்தால் கணக்கு உதைக்கும். படத்தில் கரும்பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்துகொண்டே இருக்கும். மலிவான எல்.இ.டி. சீரியல் செட்டிலும் இதே தொல்லை. இதை எந்த மென்பொருளாலும் முழுக்கத் துடைத்துவிட முடியாது. எடுக்கும்போதே தவிர்க்க வேண்டும்.

செல்போன் இன்னொரு விதம். மணமகளின் தம்பி தன் போனில் எடுத்ததையும் சேர்க்கச் சொல்லி வரும். சேர்க்க வேண்டும்தான், சில சமயம் அதுதான் அந்தக் கல்யாணத்தின் நல்ல காட்சியாக இருக்கும். ஆனால் போன் ஒரே வேகத்தில் எடுக்காது. வெளிச்சம் குறைந்தால் தானாக ஃப்ரேமைக் குறைத்துக்கொள்ளும், வெளிச்சம் வந்தால் கூட்டிக்கொள்ளும். அதைப் பல எடிட்டிங் மென்பொருளில் அப்படியே போட்டால் தொடக்கத்தில் உதடும் சத்தமும் பொருந்தியிருக்கும், பத்தாவது நிமிஷத்தில் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். முதலில் ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் போட்டு ஒரே சீரான 25 ஃப்ரேமாக மாற்றிக்கொண்டு பிறகுதான் உள்ளே கொண்டுவர வேண்டும். ஒரே சீராக ஓடுகிற நல்ல கேமராக்களுக்குள்ளும் மணிக்கணக்கில் ஓடினால் ஓரிரு ஃப்ரேம் விலகல் வரும். ஒவ்வொன்றின் உள்கடிகாரமும் இம்மியளவு வேறு. அதனால் நீளமான சடங்குகளில் நடுவில் ஓரிடத்தில் வெட்டி மறுபடி நேராக்குவேன்.

நிறத்தைப் பற்றிப் பேசினால் அதற்கே தனியாக எழுத வேண்டும். ஒன்று மட்டும். அரக்குப் பட்டு. முகூர்த்தப் பட்டு அரக்கு நிறத்தில் இருந்தால் ஒரு கேமராவில் அது மெரூன், இன்னொன்றில் தக்காளி, போனில் ஏறக்குறைய ரோஸ். இப்போது லாக் முறையில் எடுத்து வருகிறார்கள்; நிறம் வெளிறி வரும், நாம்தான் ஏற்ற வேண்டும். நான் முதலில் புடவையைத் தொடுவதில்லை. முகத்தைச் சரிசெய்வேன். எல்லாக் கேமராவிலும் மணப்பெண்ணின் தாயார் முகம் ஒரே நிறத்தில் வந்துவிட்டால் புடவை தானாகப் பக்கத்தில் வந்துவிடும். முகத்தை வெளுப்பாக்கித் தரச் சொல்லிக் கேட்பார்கள். செய்யமாட்டேன். மதுரை வெயிலில் வளர்ந்த முகம் மதுரை வெயிலில் வளர்ந்த முகமாகத்தான் இருக்க வேண்டும்.

வெவ்வேறு கேமராவில் எடுத்ததை ஒன்றாகச் சேர்ப்பது என்றதும் எனக்கு ஏ.கே. செட்டியார் நினைவுக்கு வருவார். கோட்டையூர்க்காரர், 1911-ல் பிறந்தவர். 1937 அக்டோபர் 2-ம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது காந்தியைப் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படம் எடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அன்றைக்குக் காந்தி பிறந்த நாள். புதிதாக எடுப்பதைவிட, உலகில் யார் யாரோ ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிற காந்தியைத் தேடிச் சேர்ப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. ஏறக்குறைய முப்பது வருஷ காலத்தில் நூறு பேர் அளவில் எடுத்த துண்டுகள். அவற்றைத் தேடி நாடு நாடாகப் போய் 50,000 அடி ஃபிலிம் சேர்த்து, 12,000 அடிப் படமாக வெட்டி ஒட்டி, 1940-ல் தமிழில் வெளியிட்டார். 12,000 அடி என்றால் இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

அந்த எண்களைப் பார்க்கும்போது என் தொழில் புத்தி அதற்குள் போய்விடும். மௌனப்படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்குப் பதினாறு, பதினெட்டு ஃப்ரேம் என்று ஆளுக்கு ஆள் வேறு. அதைப் பேசும்படத்தின் 24-ல் ஓட்டினால் நடக்கிறவரெல்லாம் ஓடுவார். நூறு பேர் என்றால் நூறு லென்ஸ், நூறு விதமான வெளிச்சம், கீறலும் கறையுமாக ஃபிலிம். எங்கள் அரக்குப் பட்டுத் தொல்லை அதற்கு முன்னால் எம்மாத்திரம்? அவர் முப்பது வயதைக்கூட எட்டியிருக்கவில்லை. ஒரு மனிதரை நூறு பேர் நூறு இடத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். அந்தப் பார்வைகள் எல்லாம் சேர்ந்தால்தான் மனிதர் கிடைப்பார் என்று கண்டுகொண்டவர் அவர். அந்தத் தமிழ்ப் படம் முழுசாக இன்று நம் கையில் இல்லை என்பது எனக்கு ஆறாத குறை.

கொரோனா வருஷத்தில் பழைய மிக்ஸிங் திரும்பி வந்தது. 2020 மே மாதம் மீனாட்சி திருக்கல்யாணமே பக்தர் கூட்டமில்லாமல் நடந்து இணையத்தில் நேரலையாக வந்தது. ஊர் கூடி நிற்கிற நாளில் சித்திரை வீதிகள் வெறிச்சென்று கிடந்தன. வீட்டுக் கல்யாணங்களுக்கும் ஐம்பது பேர் என்று கட்டுப்பாடு. மற்ற சொந்தமெல்லாம் யூடியூபில். பிளாக்மேஜிக்கின் ஆட்டம் மினி என்ற கையகல மிக்ஸர் 2019-ல்தான் வந்திருந்தது. அதை ஒரு மேசையில் வைத்து, இரண்டு மூன்று கேமராவை இணைத்து, கண்ணெதிரில் மாற்றிக்கொண்டே போக வேண்டும். எடுத்தது எடுத்ததுதான், விட்டது விட்டதுதான். சின்னப் பையன்கள் திணறினார்கள். கம்ப்யூட்டரில் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றே பழகியவர்கள். வி.எச்.எஸ். காலத்து ஆட்கள் கேட்டவுடன் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குக் கை தானாகப் போயிற்று. அந்த ஐம்பது பேரையும் ஒருவர் விடாமல் காட்ட வேண்டும் என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்திருந்தது. வெளியூரில் அடைபட்டுக் கிடந்தவர்கள் கேட்டதும் அதைத்தான்: "மாப்பிள்ளைய விடுங்க, சித்தப்பா வந்திருக்காரா, காட்டுங்க."

கட்டுப்பாடு போனதும் மண்டபம் நிறைந்தது. கேமராவும் கூடியது. இப்போது பெரிய கல்யாணம் என்றால் டிரெடிஷனல் வீடியோ இரண்டு, கேண்டிட் இரண்டு, ஜிம்மி ஜிப், ட்ரோன், எல்.இ.டி. சுவருக்கு ஒன்று. எல்லாம் மேடையைப் பார்த்தே நிற்கின்றன. கேண்டிட் லென்ஸின் வாயை முழுக்கத் திறந்து எடுத்தால் மணப்பெண்ணின் இமை ஒவ்வொன்றாக எண்ணலாம். அவளுக்கு ஒரு முழம் பின்னால் நிற்கிற அத்தை வெறும் நிறத் திட்டு. அழகாகத்தான் இருக்கிறது. எடுக்கிற பையன்களின் கை சுத்தம், உழைப்பு எல்லாமே எங்கள் காலத்தைவிட மேல். ஆனால் அந்தத் திட்டுதான் இந்தக் குழந்தையைத் தூக்கி வளர்த்தவள் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. மேடையைச் சுற்றி இத்தனை பேர் நிற்பதால் வந்திருக்கிற சனத்துக்கு நேரில் ஒன்றும் தெரியாது; எல்.இ.டி. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பந்திக்குக் கேமரா போவதே நின்றுவிட்டது. சாப்பிடும்போது எடுத்தால் கூச்சப்படுகிறார்கள் என்கிறார்கள். கூச்சப்படுவார்கள்தான். இலையிலிருந்து தலையைத் தூக்கி, ஒரு நொடி வெட்கப்பட்டு, சிரித்துவிட்டு, மறுபடி சோற்றில் கை வைப்பார்கள். அந்த ஒரு நொடிக்குத்தான் போக வேண்டும்.

போன வருஷம் ஒரு வேலையில் மணமகளின் பெரியப்பாவைத் தேடிக் கொடுக்கச் சொன்னார்கள். கல்யாணத்துக்கு முதுகெலும்பாக நின்றவர். பந்தியிலும் வாசலிலுமாக ஓடிக்கொண்டே இருந்தவர். ஏழு கேமராவின் முழு ஃபுட்டேஜையும் ஓட்டிப் பார்த்தேன். மணமகனின் தோளுக்குப் பின்னால் மங்கலாக ஓரிடம். குடும்பப் போட்டோவுக்கு நின்றபோது ஒரு நிமிஷம். ட்ரோன் படத்தில் வெள்ளை வேட்டியோடு வாசலில் ஒரு சின்ன உருவம். 4கே தெளிவில் அவ்வளவுதான் கிடைத்தது.

இன்னொரு பக்கம், பழைய வி.எச்.எஸ். கேசட்டை டிஜிட்டலாக மாற்றித் தரச் சொல்லி மாதத்துக்குச் சிலர் வருகிறார்கள். பூஞ்சை பிடித்த டேப்பைத் துடைத்து, நல்ல நிலையில் மிச்சமிருக்கிற ஒரு வி.சி.ஆரில் ஓட்டி, இறக்க வேண்டும். படம் 240 கோடுதான், ஓரமெல்லாம் நடுங்கும், சிவப்பு வழியும். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். கவனித்திருக்கிறேன், தாலி கட்டுகிற இடத்தில் யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. அது போட்டோ ஆல்பத்தில் இருக்கிறது. இரண்டாவது கேமரா வரிசையாகப் போகிற இடம் வந்ததும்தான் எல்லோரும் முன்னால் நகர்ந்து வருவார்கள். "இந்தா, மேலூர் மாமா! முடியப் பாரு." "இது யாரு, ஒத்தக்கடை அத்தையா? இவ்வளவு ஒல்லியாவா இருந்துச்சு?" "நிப்பாட்டுங்கண்ணே, அப்பத்தா, அப்பத்தா!" மூன்று எண்ணுகிற நேரம் அந்த முகத்தில் கேமரா நிற்கிறது. அண்ணன் சொல்லிக்கொடுத்த கணக்கு அது.

இதனால் என்னிடம் எடிட்டிங் தருகிற ஸ்டூடியோக்காரர்களிடம் சில வருஷமாக ஒரு தாளைக் கொடுத்து வருகிறேன். எல்லாக் கேமராவும் 25 ஃப்ரேம். ஷட்டர் ஐம்பதில் ஒன்று. காலையில் ஒரே இடத்தில் நின்று எல்லாக் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு வையுங்கள். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். சத்தம் வேண்டாம் என்று நினைக்கிற கேமராவிலும் மைக்கை அணைக்காதீர்கள். கடைசியில்: ஒரு கேமரா கூட்டத்தைப் பார்க்க வேண்டும், பந்திக்கும் மொய் மேசைக்கும் போக வேண்டும். மேலே உள்ளதையெல்லாம் இப்போது பெரும்பாலும் செய்துவிடுகிறார்கள். கடைசி வரிக்கு மட்டும் ஆள் கிடைப்பதில்லை. அதில் பெயர் வராது, இன்ஸ்டாகிராமில் போட ஒரு ஷாட் தேறாது, சம்பளமும் குறைத்துத்தான் கொடுக்கிறார்கள்.

வருகிற ஆவணியில் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்யாணம். அதற்கு ஒரு பையனைப் பேசியிருக்கிறேன். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்றதும், "அப்ப தாலி கட்றது எனக்கு விழாதேண்ணே" என்றான். அதை எடுக்க நாலு பேர் இருக்கிறார்கள், நீ முதலில் போய்ப் பொண்ணு வீட்டில் யார் யார் பெரியவர்கள் என்று பெயரும் அடையாளமும் கேட்டு எழுதிக்கொண்டு வா என்று அனுப்பியிருக்கிறேன். மற்ற நாலு பேருக்கு என்ன சம்பளமோ அதேதான் இவனுக்கும் என்று ஸ்டூடியோக்காரரிடம் பேசி முடித்தாயிற்று.